தண்ணீரைத் திறந்தால் மெதுவாகத் திற

அன்பு மகன்,

நாங்கள் இருவரும் சுகம். போன் எடுத்தால் "ஓம் அம்மா, எல்லாம் ஓகே, பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு வருகிறதே இல்லை. அதுதான் எழுதுகிறேன். எழுதினால் நீ வாசிக்க மாட்டாய் என்று அப்பா சொல்கிறார். வண்டியைப் பற்றி எழுதினால் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போது புளோரிடாவின் வடமேற்கு மூலையில், பென்சகோலாவுக்குக் கிட்ட, படுக்கை சமையல் எல்லாம் உள்ளேயே இருக்கிற எங்கள் மோட்டார் ஹோம் வண்டியோடு நிற்கிறோம். பெப்ரவரி பிறந்ததும் ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே வெளிக்கிட்டு, லூசியானாவில் அற்சபலாயா சதுப்புக்கு மேலே போகிற அந்த 29 கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டி, ரெக்சஸில் சன் அன்ரோனியோவுக்குப் போகிறோம். மார்ச் கடைசியில் திரும்ப வேணும். ஓகிப் என்கிற ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக்கு 212 நாள் வெளியே நிற்கலாம், ஆனால் அமெரிக்காக்காரன் ஆறு மாதத்தோடு கணக்கை முடித்துவிடுவான். இரண்டில் குறைந்ததைத்தான் பார்க்க வேணும். எங்கள் வீடு கனடாவில்தான் என்று அமெரிக்க வரிக்காரனுக்குக் காட்டுகிற 8840 படிவமும் ஜூன் 15க்கு முன்னம் அனுப்ப வேணும். அதை அப்பா மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

அந்தத் திரும்புகிற பயணத்துக்கு நீ சன் அன்ரோனியோவுக்குப் பறந்து வந்தால் நல்லது. அப்பாவுக்கு வண்டி ஓட ஏலாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னேன் என்று அவருக்குச் சொல்லிவிடாதே. ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 400க்கு மேல் ஓடுகிறதில்லை என்று வைத்திருக்கிறோம், அப்போ ஏழு நாள். வேலையில் லீவு கிடைக்குமோ தெரியாது. கிடைத்தால் ஒரு கிழமை முன்னதாகவே வா. ஒரு மாதம் என்றாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

தெற்கு என்றால் குளிரே இல்லை என்று நினைத்துக்கொண்டு வராதே. 2025 ஜனவரி 21 இந்தக் கரையெல்லாம் பனி கொட்டி, ஐ-10ஐயே இடத்துக்கிடம் மூடினார்கள். இந்தக் கிழமையும் இரண்டு இரவு பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன அன்று பின்னேரமே தண்ணீர் ஹோஸைக் கழற்றி, வடித்து, உள்ளே வைத்துவிட வேணும். தாங்கியை அரைவாசி நிரப்பிவிட்டு இரவுக்கு வண்டியின் பம்பைப் பாவிக்கலாம். கழிவு ஹோஸையும் கழற்று. சாம்பல் தண்ணீர், அதுதான் சிங்கிலும் குளியலிலும் இருந்து வருகிற தண்ணீர், அதன் வால்வைத் திறந்து விட்டால் சொட்டுச் சொட்டாகப் போகிற தண்ணீர் ஹோஸுக்குள்ளேயே உறைந்து அடைத்துவிடும். சிங்குக்குக் கீழே இருக்கிற அலுமாரிக் கதவுகளைத் திறந்து வை.

கனக்கப் பேர் பிழை விடுகிற இடம் மின்சார ஹீற்றர். கரண்ட் இலவசம், புரோபேனை மிச்சம் பிடிக்கலாம் என்று அதை மட்டும் போட்டுவிட்டுப் படுப்பார்கள். உள்ளே சுகமான சூடு. அறை சூடாக இருந்தால் தெர்மோஸ்டாற் பேர்னஸை, அதுதான் புரோபேனில் எரிந்து சூட்டுக் காற்று ஊதுகிற அடுப்பை, கூப்பிடாது. பேர்னஸ் ஓடாவிட்டால் தாங்கிகள் இருக்கிற அடிப்பகுதிக்குப் போகிற குழாயில் சூட்டுக் காற்றும் வராது. ஆள் வியர்த்துக்கொண்டு படுத்திருக்க, காலுக்குக் கீழே பம்ப் வெடிக்கும். ஆகவே உறைகிற இரவில் பேர்னஸ்தான் முதல், ஹீற்றர் துணைக்கு மட்டும். இணைப்பு இல்லாத இடத்தில் நின்றால் பற்றரியைப் பார்: ஈய அமிலப் பற்றரி நிறைய இருந்தால் 12.7 வோல்ற், 12.2க்கு வந்தால் அரைவாசி முடிந்தது. அதற்குக் கீழே இறக்கினால் பற்றரியின் ஆயுள் போய்விடும். பேர்னஸின் காற்றாடி மட்டும் ஏழு, எட்டு அம்ப் இழுக்கும்.

குளிரைப் பற்றிக் கதைக்கும்போது வீட்டு ஞாபகம் வருகிறது. வெளிக்கிடும்போது தெர்மோஸ்டாற்றை 13இல் வைத்துவிட்டு, தண்ணீரைப் பிரதான வால்வில் மூடிவிட்டு வந்தது உனக்குத் தெரியும். அப்பாவின் போனில் அந்த இலக்கம் தெரியும். அவர் பார்க்கிறதில்லை, நான் பார்க்கிறேன். கொஞ்ச நாளாக இரவு பத்து மணிக்கு 20க்குப் போய், காலையில் திரும்ப 13க்கு இறங்குகிறது. ஏழு மணிக்கு ஈரப்பதமும் ஒருக்கால் கூடிக் குறைகிறது. அப்பா தற்செயலாகப் பார்த்துவிட்டுக் கேட்டார். தெர்மோஸ்டாற் பற்றரி பலவீனமாகியிருக்கும், அதுதான் பிழையாகக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டேன். மாற்றுகிறதென்றால் இரண்டு டபிள் ஏ பற்றரி, சமையலறை மேல் லாச்சியில் இருக்கிறது.

யாரும் எப்போதாவது அந்த வீட்டில் தண்ணீரைத் திறக்க வேண்டி வந்தால் இப்படித்தான் திறக்க வேணும். பேஸ்மென்ற்றில் தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் சிவப்புப் பிடி. முதலில் மேல்மாடிக் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டு வா, காற்று வெளியேற வழி வேணும். பிறகு பிடியைக் கால்வாசி மட்டும் திருப்பி நில். சடாரென்று முழுக்கத் திறந்தால் குழாய்களுக்குள் இருக்கிற காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய் மூட்டுகளில் அடிக்கும். மேலே துப்பித் துப்பி வருகிற தண்ணீர் ஒரே சீராக ஓடத் தொடங்கின பிறகு முழுக்கத் திற. சுடுதண்ணீர்க் குழாயும் அப்படிச் சீராக ஓடின பிறகுதான் சுடுதண்ணீர் ஹீற்றரை வக்கேஷன் என்கிற குறைந்த சூட்டு நிலையில் இருந்து மேலே திருப்ப வேணும். தோட்டத்துக் குழாயின் உள் வால்வைத் தொடாதே, அது மூடியே இருக்கட்டும். பாவிக்காத சிங்குகளிலும் பேஸ்மென்ற் நிலத் துவாரத்திலும் ஒரு சட்டி தண்ணீர் ஊற்று. அடிக் குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர் காய்ந்து போனால் சாக்கடை வாயு மேலே ஏறும். பேர்னஸ் வடிகட்டியும் மாற்ற வேண்டிய நேரம். ஆள் இருந்தால் அது கெதியாக அடைக்கும்.

திரும்ப மூடிவிட்டுப் போகிறதென்றால் முதலில் ஹீற்றரை இறக்கி, பிறகு வால்வை மூடி, மேலேயும் கீழேயும் குழாய்களைத் திறந்து வடிய விடு. மூட வேணும் என்று நான் சொல்லவில்லை. தடித்த போர்வைகள் எங்கள் அறை அலுமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன.

சரி, வண்டி. கார் ஓடுகிற உன்னுடைய ஜி லைசன்ஸ் போதும். ஒன்ராறியோவில் அதற்கு 11,000 கிலோ வரை ஓடலாம். எங்கள் வண்டி தண்ணீரோடும் பெற்றோலோடும் நிறைந்து நின்றாலும் 14,500 இறாத்தல், 6,600 கிலோவைத் தாண்டாது. ஓட்டம் கார் மாதிரித்தான், வால் மட்டும் கார் மாதிரி இல்லை. பின் சில்லுக்குப் பின்னால் பத்து அடி நீட்டிக்கொண்டு நிற்கிறது. நீ இடப்பக்கம் திருப்பினால் பின்னுக்கு வலது மூலை வெளியே வீசும். மூன்று அடி நீட்டுக்கு ஒரு அடி வீச்சு என்று கணக்கு. பெற்றோல் பம்பில்தான் இது ஆட்களைப் பிடிக்கிறது. அடித்து முடித்து, முன்னுக்கு நிற்கிற காரைச் சுற்றிப் போக உடனே வெட்டி ஒடிப்பார்கள், முன்பக்கம் வடிவாகத் தப்பிப் போகும், பின் மூலை பம்பின் காவல் தூணில் உராயும். நேராக எடு. வால் தூணைத் தாண்டும் வரை ஸ்ரியரிங்கைத் தொடாதே. உயரம் 11 அடி 6 அங்குலம், அதை எழுதிச் சாரதியின் கண் மட்டத்தில் ஒட்டியிருக்கிறது; கூரையில் ஏசி இருக்கிறது என்பதை மறக்காதே. பெற்றோல் கால் தாங்கிக்குக் கீழே போனால் ஜெனரேற்றர் தானாக நின்றுவிடும், பழுது என்று தேடாதே. நூறு கிலோமீட்டருக்கு 26, 27 லீற்றர் குடிக்கும். அதைக் கேட்டுப் பெருமூச்சு விடாதே, உன்னிடம் காசு கேட்கவில்லை.

ரயர் காற்றைக் காலையில் ஓட முன்னம்தான் பார்க்க வேணும். வெயில் பட்ட பக்கம் கூடக் காட்டும், அதைப் பார்த்து இறக்கினால் பிழை. இரட்டைச் சில்லில் உள்ளுக்கு இருக்கிறது காற்றுப் போனாலும் வெளியே தெரியாது. மற்றது பாரம் முழுக்கச் சுமந்து சூடாகி வெடிக்கும். நீ பூட்டித் தந்த அந்தக் காற்று மானி ஆறு ரயரையும் பிசகில்லாமல் காட்டுகிறது. பக்கத்து வண்டிக்காரர் எங்கே வாங்கினது என்று கேட்டார். வாங்கினது எங்கேயும் வாங்கலாம், பூட்டினது என்ர மகன் என்று சொன்னேன். அவ்வளவு நுணுக்கமாகப் பூட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு போனைத் திருப்பி எடுக்கத் தெரியவில்லை.

முகாமில் முதலில் கரண்ட். கம்பத்தில் பிறேக்கரை நிறுத்திவிட்டுத்தான் செருக வேணும், நடுவில் பாதுகாப்புப் பெட்டி. அது சிவப்புக் காட்டினால் வயரிங் பிழை, வேறு இடம் கேள். 30 அம்ப் என்றால் மொத்தம் 3,600 வாற். ஹீற்றர் பன்னிரண்டரை, சுடுதண்ணீர் பன்னிரண்டு, மைக்ரோவேவ் பதின்மூன்று அம்ப். எதையும் இரண்டு போடலாம், மூன்று போட்டால் விழும். சுடுதண்ணீர்த் தாங்கி வெறுமையாக இருக்கும்போது கரண்டைப் போட்டால் கம்பி எரிந்துவிடும். வீட்டில் சொன்ன அதே விஷயம்தான், முதலில் தண்ணீர் சீராக ஓட வேணும்.

கழிவு வெளியேற்றுகிறதை அப்பா உனக்குத் தர மாட்டார், தந்தால் கையுறை போடு. கறுப்புத் தாங்கி, அதுதான் கக்கூஸ் தாங்கி, அதன் வால்வை ஒருநாளும் திறந்தபடி விடக் கூடாது. நீர் ஓடி, திடமானது கோபுரமாக இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறையட்டும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல், அந்தச் சவர்க்காரத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும்.

திரும்பி வருகிற வழி லிற்றில் ரொக், மெம்பிஸ், நாஷ்வில், லூயிவில், சின்சினாட்டி. மார்ச் கடைசியில் நாஷ்வில்லுக்கு வடக்கே இரவில் உறையலாம். ஆகவே அங்கேயே தண்ணீரை வடித்து, குளிருக்கு உறையாத அந்த இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களுக்குள் ஏற்றிவிடுவோம். எட்டு முதல் பத்து லீற்றர் போதும், திரவம் உள்ளே போகாதபடி சுடுதண்ணீர்த் தாங்கியை பைபாஸ் செய்தால். செய்யாவிட்டால் அந்தத் தாங்கியே 23 லீற்றரைக் குடித்துவிடும். தாங்கியை வடிக்கிறதற்கு முன்னம் ஆற விட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடு. அவசரப்பட்டு அடைப்பானைக் கழற்றினால் கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். கடைசி மூன்று நாளும் போத்தல் தண்ணீர்தான். சமாளிப்போம்.

படுக்கிறதுக்கு இடம் இருக்கிறது. சாரதி சீற்றுக்கு மேலே இருக்கிற கட்டில் இரண்டு பேருக்கு. மேசையின் காலைக் கழற்றி, பலகையை இரண்டு இருக்கை விளிம்பிலும் இருத்தி, முதுகு மெத்தையை நடுவில் போட்டால் ஒரு ஆளுக்கு. அவ வந்தாலும் சந்தோசம், நீ தனிய வந்தாலும் சந்தோசம். எதை ஆயத்தம் செய்ய வேணும் என்று மட்டும் சொல்லு, விரிப்பின் அளவு வேறு வேறு.

வீட்டுக் காப்புறுதியையும் வாசித்துப் பார்த்தேன். குளிர்காலத்தில் ஆள் இல்லாத வீடு என்றால் யாராவது ஒழுங்காகப் போய்ப் பார்க்க வேணும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேணும். ஆள் இருக்கிற வீட்டுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அப்பாவுக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும். தண்ணீரை மட்டும் மெதுவாகத் திறக்கச் சொல்லு, யாராக இருந்தாலும்.

நீ வண்டி ஓடுகிறதென்றால் அதன் காப்புறுதியில் உன்னைச் சேர்க்க வேணும். ஒரு போனில் முடிகிற வேலை, நானே எடுக்கிறேன். லைசன்ஸ் இலக்கமும் இப்போது இருக்கிற முகவரியும் கேட்பார்கள். லைசன்ஸ் இலக்கம் என்னிடம் இருக்கிறது. எந்த முகவரியைக் கொடுக்கிறது என்று எழுதி அனுப்பு.

அன்புடன்
அம்மா