பிற்பகல் படகில் எங்களுக்கும் ஓர் இடம்: நெடுந்தீவுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்கு ஒருநாள் சுற்றுலா அழைத்துவரும் அன்பர்களுக்கும், அச்சுற்றுலாக்களுக்கு ஊக்கமளிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் விடுமுறை நாட்களில் சுற்றுலாக் கூட்டம் படகை நிறைத்துவிட, தீவார் கரையில் நின்றுவிடுவதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் பிற்பகலில் அதுவே நடப்பதும் உங்கள் கண்முன்னேதான் நடக்கிறது. ஆகையால் பின்னணியை விட்டுவிட்டு, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மூத்த அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு கண்களிலும் புரை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கு வந்து நிற்கும்படி வைத்தியசாலைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். திங்கள் காலைப் படகைப் பிடித்து, ஏறக்குறைய ஒரு மணிநேரம் கடலில் வந்து, பிறகு குறிகட்டுவானிலிருந்து பேருந்தில் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பது தீவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனவே ஞாயிறு பிற்பகலே புறப்பட்டு, ஒரு மருமகள் வீட்டில் இரவு தங்குவதாக ஏற்பாடு. அக்கா வெள்ளை நூல்சேலை உடுத்து, துண்டைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி படகு புறப்படுவதற்கு முக்கால் மணிநேரம் முன்பே துறைக்கு வந்துவிட்டார்.

அதற்கு முன்னரே படகின் பலகைகள் நிறைந்திருந்தன. மனிதர்களால் அல்ல. ஒரு பலகையில் இரண்டு முதுகுப்பைகள், அடுத்ததில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள், அதற்கடுத்ததில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் இழைத்து விற்ற பனையோலைத் தொப்பி. உங்கள் உதவியாளர் ஒருவர் முன்கூட்டியே வந்து இடம் பிடித்து வைத்திருந்தார். பைகளுக்கு உரியவர்கள் அப்போதும் கோட்டையடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து அவர்கள் வந்து இறங்கி ஏறி முடித்தபோது படகில் ஏற்றக்கூடிய அளவு நிறைந்துவிட்டது. இனி ஒருவரையும் ஏற்ற முடியாது என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களை நான் குறைசொல்லவே மாட்டேன். கடலில் அளவு மீறக்கூடாது என்பதில் எங்களைவிடக் கண்டிப்பானவர்கள் வேறு எவரும் இல்லை. அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பையை மடியில வைச்சா நான் இருக்கலாம்தானே?" இயந்திர இரைச்சலில் அது எவருக்கும் கேட்கவில்லை.

கண்ணுக்கு வேறு திகதி கிடைத்திருக்கிறது, இரண்டு மாதம் தள்ளி. அதுவரை அவர் அடுப்படிக்குச் சுவரைத் தடவித் தடவித்தான் போகவேண்டும்.

எனது வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பொதுப் படகில், குறிப்பாகப் பிற்பகல் படகில், தீவார் முதலில் ஏறட்டும். உங்கள் விருந்தினர் அதன் பிறகு ஏறட்டும். பெரிய குழுவாக வருவதானால் தனிப் படகை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். அதற்கான செலவை உங்கள் கட்டணத்தில் சேர்த்தால் வருகிறவர்கள் மறுக்கப்போவதில்லை. மதிய உணவுக்கும் குளிர்பானத்துக்கும் ஏற்கெனவே கொடுக்கத்தானே செய்கிறார்கள்.

விருந்தினர் வரக்கூடாது என்று நாங்கள் எவரும் சொல்லவில்லை. தொப்பி விற்ற பெண்ணுக்கும், உழவு இயந்திரம் ஓட்டும் பொடியனுக்கும், நண்டுக்கறி சமைத்துத் தரும் வீட்டுக்கும் அந்த வருமானம் வேண்டியதுதான். ஆனால் உங்கள் விளம்பரத்தில் "நெடுந்தீவின் கிராமங்களைச் சுற்றிப் பாருங்கள்" என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பெருக்க மரம் (பாவோபாப்), புறாக்கூடு, கோட்டை, பாறையில் உள்ள பெரிய காலடிச் சுவடு, வளர்ந்துகொண்டே இருப்பதாகச் சொல்லப்படும் வளரும் கல், வெளியில் மேயும் குதிரைகள்; உங்கள் வண்டி நிற்கும் இடங்கள் இவ்வளவுதான். இவற்றில் கிராமம் எது? சுண்ணாம்பும் சாந்தும் இல்லாமல் பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எங்கள் முன்னோர் எழுப்பிய வேலிகளுக்கு நடுவேதான் உங்கள் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது. அந்த வேலிக்கு அப்பால் ஒரு முற்றமும், அந்த முற்றத்தில் ஒரு மனுசியும் இருப்பதைக் காட்ட எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

வழிகாட்டிகள் சொல்லும் வரலாற்றையும் வேலியோரம் நின்று கேட்டிருக்கிறேன். ஒருவர் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது என்கிறார். அடுத்த வாரம் வருகிறவர் ஒல்லாந்தர் கட்டியது என்கிறார். அதையாவது ஆராய்ச்சியாளரிடம் விட்டுவிடலாம். மாவிலித்துறையில் நிற்கும் நினைவுத்தூபியைப் பற்றி எவரும் வாய் திறந்ததை நான் கேட்டதில்லை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணம் போன எங்களவர்கள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அன்றாட வேலைக்குப் புறப்பட்டுப் போனவர்கள் அவர்கள். அந்தத் தூபிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படகு வரும்வரை சோளப்பொரி தின்னும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. படகு என்றால் எங்களுக்கு என்னவென்று உங்களுக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே பல கிணறுகள் உவர். குடிக்கக்கூடிய நீரைக் குடத்தில் சுமந்து வந்து அளந்துதான் செலவழிக்கிறோம். கோடை முற்றினால் உங்கள் படங்களில் அழகாக நிற்கும் அதே குதிரைகள் தண்ணீரில்லாமல் விழுந்து சாகின்றன. சென்ற ஆண்டு எங்கள் ஒழுங்கையில் இறங்கிய ஒரு குழு, கடலில் கால் நனைத்த உப்புப் போகவேண்டும் என்று கேட்டு, வாசலில் இருந்த இரண்டு குடத்தையும் காலில் ஊற்றிவிட்டு நன்றி சொல்லிப் போனது. நன்றி மட்டும் குறைவில்லை. வளரும் கல்லைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்துப் போகிறீர்கள். அது எவ்வளவு வளர்ந்தது என்று நான் அளந்து பார்த்ததில்லை. உங்கள் குழுக்கள் வளர்வதை மட்டும் கண்ணால் காண்கிறேன். அவற்றோடு சேர்ந்து படகும் வளர்ந்திருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திராது.

பேச்சு எங்கோ போய்விட்டது. ஓய்வுபெற்ற வாத்தியாரின் பழக்கம், பொறுத்தருளுங்கள். அதிகாரிகளுக்கு ஒரு சிறு நினைவூட்டல். யாழ் மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகள் எங்களிடமிருந்துதான் எண்ணப்படுகின்றன. ஜே/01 முதல் ஜே/06 வரை நெடுந்தீவு. தாளில் முதலாவதாக நிற்கும் நாங்கள் இறங்குதுறையில் கடைசியாக நிற்பது ஏன் என்று நீங்கள் ஒருமுறை யோசிக்கவேண்டும். சட்டம் எதுவும் புதிதாக இயற்றத் தேவையில்லை. இரண்டு துறைகளிலும் ஓர் அறிவிப்புப் பலகையும், படகு புறப்படுமுன் "தீவார் முதலில் வாருங்கோ" என்று கூப்பிட ஒரு ஆளும் இருந்தால் போதும். வைத்தியசாலைத் துண்டு வைத்திருப்பவர், கர்ப்பிணி, பரீட்சைக்குப் போகும் பிள்ளை, பிரேதத்தோடு வரும் குடும்பம் ஆகியோர் அதிலும் முன்னே ஏறலாம்.

சுற்றுலா நடத்தும் அன்பர்களிடம் மறுபடியும் அதே வேண்டுகோள்: தீவார் முதலில், விருந்தினர் பிறகு. ஆளுக்கு முன் பையை ஏற்றி இடம் பிடிக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் விருந்தினரிடம் காரணத்தைச் சொன்னால் அவர்களே எழுந்து இடம் தருவார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். அன்றைக்குக்கூட ஒரு பெண் பலகையிலிருந்து பாதி எழுந்தார். "இருங்கோ அக்கா, எல்லாம் சரி" என்று சொல்லி அவரை உட்காரவைத்தவர் உங்கள் உதவியாளர்தான்.

அக்காவுக்குக் கிடைத்திருக்கும் புதிய திகதியும் ஒரு திங்கட்கிழமை. ஆகவே அதற்கு முந்திய ஞாயிறு பிற்பகல் நாங்கள் இருவரும் மறுபடியும் மாவிலித்துறைக்கு வருவோம், இம்முறை ஒன்றரை மணிநேரம் முன்பாக. வெள்ளை நூல்சேலை உடுத்த, கண் சரியாகத் தெரியாத ஒரு மனுசி படகில் கால்வைக்கும்போது முதற்பலகையில் உங்கள் பை இருந்தால், தயவுசெய்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
நெடுந்தீவு மத்தியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்