என்ஜினை யார் தருவார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

62 ஆண்டுகள் பணியாற்றிய மிக்-21 போர் விமானங்களுக்கு 2025 செப்டம்பரில் விடை கொடுத்தோம். சரி, அந்த இடத்தை எது நிரப்பும்? விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டவை 42 போர் விமானப் படைப்பிரிவுகள் (ஸ்குவாட்ரன்). மிக்-21 போனபின் மிஞ்சியவை 29தான். 2021-இல் ஒப்பந்தமான, உள்நாட்டிலேயே தயாராகும் 83 தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்கள் தாமதமாக முக்கியக் காரணம், அமெரிக்காவிலிருந்து என்ஜின் நேரத்துக்கு வராததுதான். 1989-இல் தொடங்கிய நம் காவேரி என்ஜினோ போர் விமானத்துக்குத் தேவையான உந்துவிசையை எட்டவேயில்லை. அதைப் பறக்கவிட்டுச் சோதிக்கக்கூட ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, வேதனை! என்ஜினுக்குள் சுழலும், கடும் வெப்பம் தாங்கும் டர்பைன் பிளேடுகளுக்கும், உள்நாட்டிலேயே சோதனை வசதிக்கும் அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். புது விமானம் வாங்கும் அறிவிப்புகளைவிட இதுதான் அவசரம்.

– வாசகர், கோவை