கண்மாய்ச் சங்கம் கூட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்மாய்களை, அவற்றின் நீரில் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகளே தேர்தல் வைத்து நிர்வகிக்க வழிசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நல்ல சட்டம். ஆனால் எங்கள் ஊர் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் பொதுக்குழு கூடி நெடுநாளாகிறது. மடைப் பலகை உளுத்துப்போய், சாக்கில் மண்ணைக் கட்டி அடைத்திருக்கிறோம். இரவெல்லாம் கசிகிறது. உபரி நீர் வெளியேறும் கலுங்கு ஓரம் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

முன்பு வயல்களுக்கு நீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சி ஒருவர் மண்வெட்டியோடு கரையைச் சுற்றி வருவார். எலி வளை தோண்டினால்கூட அன்றைக்கே அடைத்துவிடுவார். அறுவடையில் அவருக்கு நெல் அளந்தோம். அவருக்குப் பின் அந்த வேலைக்கு யாருமில்லை. கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சியைச் சம்பளத்தோடு நியமிக்க அரசு உதவ வேண்டும். சங்கத்தின் வரவு செலவை மடை அருகே பலகையில் எழுதி வைக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் பொதுக்குழுவைக் கூட்டுங்கள்.

ஓர் ஆயக்கட்டு விவசாயி,
சிவகங்கை மாவட்டம்