‘ஹே ராம்’ படம் உருவான கதைகள்: நூலுக்கும் திரையிடலுக்கும் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஜனவரி 30, காந்தியடிகள் நினைவு நாளன்று, அவரது கொலையைச் சுற்றிய கதையான கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ படத்தை நம் ஊரில் பெரிய திரையில் காட்டவிருக்கிறோம். அதில் வேலைபார்த்த லைட்மேன்கள், தையல்காரர்கள், செட் ஆசாரிகள், துணை நடிகர்களின் நினைவுகளை வீடியோவில் பதிவு செய்து நூலாகவும் கொண்டுவருகிறோம். அரங்கத்துக்கும் அச்சகத்துக்கும் ஜனவரி 10-க்குள் பணம் கட்டியாக வேண்டும். கையில் இருப்பது போதவில்லை.

நம் திரைப்படக் கழகத்தைத் தொடங்கிய பெரியவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து ரயிலில் வந்த பிலிம் பெட்டிகளைத் தோளில் சுமந்து, பள்ளி மைதானத்தில் வெள்ளை வேட்டிகளைத் தைத்துத் திரை கட்டி, 16 எம்.எம். புரொஜெக்டரில் உலகப் படங்களைக் காட்டியவர்கள். 2000 பிப்ரவரி 18-இல் ‘ஹே ராம்’ வந்தபோது, படம் ஓடாது என்று ஊரே பேசிய பிறகும் திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தவர்கள். இன்று சிலர் நம்மோடு இல்லை.

கமல்ஹாசன் எழுதி, இயக்கி, தயாரித்து, தமிழிலும் இந்தியிலும் ஒருசேர எடுத்த படம் அது. டப்பிங்கை நம்பாமல் படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவு செய்தார்கள். முதலில் இசையமைத்தவர் வயலின் மேதை எல்.சுப்ரமணியம். அவர் மெட்டுகளுக்குப் பாடல் காட்சிகள் எடுத்து முடிந்த நிலையில் அவர் விலக நேர்ந்தது. மறுபடி படம்பிடிக்க வேண்டாம் என்று சொல்லி, நடிகர்களின் வாயசைவுக்குப் பொருந்தப் புது மெட்டுகள் போட்டார் இளையராஜா. இன்று கேட்டாலும் ஒட்டுப்போட்ட சுவடே தெரியாது! பின்னணி இசைக்குப் புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. ஷாருக் கான் சம்பளமே வாங்கவில்லை, ஒரு கைக்கடிகாரத்தோடு சரி என்று கமலே சொல்லியிருக்கிறார்.

மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன; சாரிகாவின் உடை வடிவமைப்பும் அதில் ஒன்று. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. பணம் மட்டும் திரும்பவில்லை. தோற்ற படம் என்பதாலேயே அதில் உழைத்தவர்களிடம் யாரும் கதை கேட்கவில்லை. அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

திரையிடல் அனுமதிக்கும் அரங்க வாடகைக்கும் ரூ.63,000. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ரூ.1,10,000. நூல் அச்சு ரூ.72,000. ஆக மொத்தம் ரூ.2,45,000. வந்தது ரூ.1,38,500. குறைவது ரூ.1,06,500.

இதுவரை கொடுத்தவர்களை நெஞ்சாரத் தொழுகிறோம். ஓய்வூதியத்திலிருந்து முதல் தொகையைத் தந்த தமிழாசிரியை அம்மா, பேரன் பிறந்தநாள் செலவை நிறுத்தி அந்தப் பணத்தை அனுப்பிய மளிகைக்கடை அண்ணாச்சி, சிங்கப்பூரிலிருந்து மாதந்தோறும் அனுப்பும் தம்பிகள், பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆட்டோ ஓட்டுநர், கேட்காமலே கேமரா தந்து உதவிய ஸ்டுடியோக்காரர், எல்லோரும் நலமாக வாழ இறைவன் அருளட்டும்.

மற்றவர்களிடமும் உரிமையோடு கேட்கிறோம். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் தொகை சொன்னவர்களில் பாதிப் பேர் இன்னும் தரவில்லை. பெரிய நடிகர் ஒருவர் காசு வாங்காமல் நடித்துக்கொடுத்த படத்துக்கு, அதைக் கொண்டாடும் நாம் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் இருப்பது நமக்கு அழகா? நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிது; கூச்சப்படாமல் கொடுங்கள்.

பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம், கழகத்தின் வங்கிக் கணக்கிலும் செலுத்தலாம். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரூ.1,000-க்கு மேல் தருவோர் பெயர் நூலில் இடம்பெறும். பெயர் பட்டியல் ஜனவரி 8 மாலை அச்சுக்குப் போகிறது.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்