ஐப்பசிக்கு முன் கூரை

ஆசிரியருக்கு,

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகை, வேதாரண்யம் கரையில் குடிசைகளோடு தென்னையையும் சாய்த்தது. மறுபடி நட்ட நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டாகும். அதற்குள் 2020 பொதுமுடக்கம் கூலி வேலையையும் முடக்கியது; மிஞ்சியது வட்டிக்கடன்.

குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட தமிழக அரசு உதவும் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் கட்டக் கட்டத்தான் தவணை வரும். குடிசையைப் பிரித்து, கடன் வாங்கி அடித்தளம் போடுகிறார்கள். தவணை தாமதித்தால் அடைமழையில் தார்ப்பாயின் கீழ்தான் குடும்பம். பணி ஆணையைத் தை மாதத்திலேயே கொடுத்தால் ஐப்பசிக்கு முன் கான்கிரீட் போட்டுவிடலாம்.

கடலோரத்தில் இன்னொரு கவனம் தேவை: உவர்நீரில் கலவை போட்டால் கம்பி துருப்பிடித்து, சில ஆண்டிலேயே கூரை பெயர்ந்து விழும். நல்ல தண்ணீரை ஊராட்சியே லாரியில் தரட்டும். தரைமட்டம், பழைய வெள்ளக் குறியைவிட ஓரடியாவது உயரட்டும்.

பட்டா இல்லாத புறம்போக்குக் குடும்பங்களுக்கோ இந்த வீடே எட்டாது. புயலில் முதலில் பறப்பது அவர்கள் கூரைதான். மாற்று இடத்தில் மனைப்பட்டா வழங்குவதை மாவட்ட நிர்வாகம் உடனே தொடங்க வேண்டும்.

– வாசகர், வேதாரண்யம்