கடவுச்சொல் பற்றி ஓர் அவசர அறிவிப்பு

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை கல்லடியில் நம் உறுப்பினர் ஒருவரின் முகநூல் பறிபோய், அவர் பெயரில் பலரிடம் காசு கேட்டுவிட்டார்கள். மின்னஞ்சல், முகநூல், ஏதோ ஒரு பழைய கடைத் தளம், எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்தது ஒரே கடவுச்சொல். ஓரிடத்தில் கசிந்ததை மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் வேலை.

முதலில் மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல் வையுங்கள். மற்றக் கணக்குகளை மீட்கும் இணைப்பு அங்கேதான் வரும். பிள்ளையின் பெயர், ‘மட்டு123’ எல்லாம் வேண்டாம். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேருங்கள்: தயிர்ச்சட்டி, ஏணி, கச்சான், குடை என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள், குழுவே பார்த்தாயிற்று!) மறந்துபோகும் என்றால் கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள், தப்பில்லை.

வாட்ஸ்அப் கணக்கைத் திறக்க எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கக் குறியீட்டை நான் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். செட்டிங்ஸ் பிடிபடாதவர்கள் ஞாயிறு பின்னேரம் போனோடு வாசிகசாலைக்கு வாருங்கள்.