பட்டியலில் இல்லாத வேலை: கால்நடை மருத்துவ மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. காரணம் அதே ஒற்றை வரி: 'இப்படியொரு பணி எங்கள் பட்டியலில் இல்லை.' அடிபட்ட, அறுவை முடிந்த விலங்குகளை மீண்டும் நடமாடப் பழக்கும் மறுவாழ்வு சிகிச்சை என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் உறுப்பினர்களே என்னிடம் நாய்களை அனுப்புகிறார்கள். பாதிப் பேர் சீட்டு எழுதாமல் வாய்மொழியாக.

போன மாதம் வந்த ஒரு டாக்ஸ்ஹண்ட் நாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால், வீட்டார் தேடிப்பிடித்து ஒரு 'முழுமைநல சிகிச்சையாளரிடம்' போயிருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்பு, கண்ணாடி போட்ட சான்றிதழ். தையல் பிரிக்கும் முன்பே அவர் முதுகை அழுத்தி நீவியிருக்கிறார். என்னிடம் வரும்போது 11 வாரம் கடந்திருந்தது. பின்னங்கால் பாதம் மடங்கி, மேல்புறம் தரையில் இழுபட்டு, நகமெல்லாம் தேய்ந்து இரத்தம். தொடையைச் சுற்றி டேப் வைத்தேன். சதை எங்கே, எலும்பைத்தான் அளந்தேன்.

"உங்களைப் போல ஆட்கள் இருப்பதே எங்களுக்குத் தெரியாதே" என்றார் அந்த அம்மா. எப்படித் தெரியும்? பெயர்ப்பலகையில் என் தொழிலை எழுத எனக்கு அனுமதி இல்லை. அந்த இரண்டு நாள் வகுப்புக்காரருக்கு அனுமதியே தேவைப்படவில்லை.

நான் கேட்பது ஒரு பதிவேடு. குறைந்தபட்சப் பயிற்சி நேரம், மேற்பார்வையில் கைப்பழக்கம், தேர்வு. தேறியவர் பெயர் அதில் ஏறட்டும். அமெரிக்காவில் 2010-லேயே விலங்கு மறுவாழ்வு சிகிச்சை கால்நடை மருத்துவத்தின் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு ஆணைப்படி, கால்நடை மருத்துவர் பரிசோதித்துப் பரிந்துரைத்தால் மருத்துவர் அல்லாதவரும் விலங்குக்குப் பிசியோதெரபி செய்யலாம்.

பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீருக்கடி டிரெட்மில்லில், அதாவது தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் நடைப்பட்டையில், தண்ணீர் இடுப்பு மூட்டு வரை நின்றால், நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 38 சதவீதம்தான். முழங்கால் வரை இறக்கினால் அதுவே 85. இது தெரியாமல் தண்ணீரில் விடுவதற்குப் பெயர் குளியல்.

வழக்கமான மருத்துவத்தோடு மாற்று முறைகளையும் சேர்ப்பதைக் குறிக்கும் 'ஒருங்கிணைந்த சிகிச்சை' என்ற சொல்லே இப்போது கோணிப்பை ஆகிவிட்டது. முறையாகக் கற்ற அக்குபஞ்சரும் அதற்குள்தான். தொடாமலே கையைக் காட்டி 'ஆற்றல்' அனுப்புவதும் அதற்குள்தான். பூனைக்கு டீ ட்ரீ ஆயிலைத் தடவிவிட்டு, அது துவண்டு விழுந்த பிறகு "இயற்கைதானே" என்று கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். பட்டியலில் இல்லாததால் அவர்களும் உங்கள் கண்ணில் படவில்லை போலும். எவ்வளவு வசதியான பட்டியல்!

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். அந்தப் பதிவேட்டை அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்கும் இளையவர்களிடம் 'வாங்க' என்று சொல்ல எனக்கும் வாய் வரட்டும்.

விண்ணப்பத்தை நான்காம் முறையாக இணைத்துள்ளேன். கூடவே டாக்ஸ்ஹண்டின் அளவுத்தாளும். இடது தொடை ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருக்கிறது.

இப்படிக்கு,
பட்டியலில் இல்லாத ஒருவர்